நிற்கும்போது திருகாதே

நேமம்
9 ஜூன் 2025

பிரஜினுக்கு,

அந்தத் தொட்டிலைக் கடைந்தது நீங்கள்தான் என்று, ஆர்டர் கொடுக்க வந்த சுனில் சாரிடம் சொன்னீர்கள். நான் மரம் கடைகிற லேத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். தலையெல்லாம் பலாத்தூள், கையில் உளி. அவர் தொட்டில் காலைத் தடவிப் பார்த்து, "இது நிங்ஙள் கடைஞ்ஞதல்லே மேஸ்திரி?" என்றார். "அதே சார்" என்று ஆமாம் போட்டீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜெஸ்லி, சாருக்கு ஒரு சாயா" என்றீர்கள்.

நான் போய் சாயா போட்டேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நம் பட்டறையில் மூன்று வருடமாகக் கடைகிறவள் நான். மெஷினைப் பார்த்துக்கொள்வதும், பாலிஷ் போடுவதும், ஆர்டர் பிடிப்பதும் நீங்கள். அதில் எனக்குக் குறையில்லை, உங்களுக்கும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அவர் போனபிறகு நாம் கத்தியதை எழுத வேண்டியதில்லை. உங்கள் குரல் கேட்கக்கூடாது என்று மெஷினை முழு வேகத்தில் வைத்தேன். கரண்டு போனது. மெஷின் நின்றது, நீங்கள் மட்டும் நிற்கவில்லை. விழிஞ்ஞத்தில் லாட்ஜ் கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

போகிற கோபத்தில் வேகப்பிடியையும் திருகிவிட்டுப் போனீர்கள். அந்தப் பிடிக்கு மேலே சிவப்புப் பெயின்டில் 'நிற்கும்போது திருகாதே' என்று எழுதி வைத்தவரே நீங்கள்தான். இப்போது பிடி அசையாமல் இறுகி நிற்கிறது. மெஷின் முழு வேகத்தில் மட்டும் ஓடுகிறது. சுனில் சார் தன் ஹோம்ஸ்டேக்குக் கேட்டிருப்பது ஆறு பெரிய கிண்ணங்கள். அந்த அகலக் கட்டையை இந்த வேகத்தில் ஏற்றினால் அது லேத்தில் இருக்காது, என் முகத்தில் இருக்கும்.

போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். போனில் நான் பாதி சொல்வதற்குள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். எழுதுங்கள். பக்கத்து வீட்டு பினு கிழக்கேகோட்டை–விழிஞ்ஞம் பஸ்ஸில்தானே கண்டக்டர், கொண்டுவந்து தருவான். "சேச்சி, வாட்ஸ்ஆப்னு ஒரு சாதனம் உண்டு, கேட்டிட்டுண்டோ?" என்றான். நான் முறைத்ததும் வாங்கிக்கொண்டான்.

எனக்கு இரண்டு பதில் வேண்டும். வேகத்தை மாற்றுகிற மோட்டார் புல்லியை எப்படிக் கழற்றுவது? அதைக் கழற்றுகிற ஆலன் கீயும் உங்கள் பையில்தான் போயிருக்கிறது. அடுத்தது, தொட்டிலைக் கடைந்தது யார் என்று சுனில் சாரிடம் எப்போது சொல்வீர்கள்?

ஜெஸ்லின்


விழிஞ்ஞம்
12 ஜூன்

ஜெஸ்லிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அதற்கு உளியாலேயே ஒரு குத்துக் குத்தியிருக்கலாம். ஊர்க்காரர்கள் முன்னால்தானே நீ எனக்கு 'நீங்க' போடுவாய்? நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது டேய்தானே? பினு படித்துவிடுவான் என்று பயமா? படிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறான். ஆனால் கடிதத்தை நீட்டும்போது "பாவம் சேட்டன்" என்றான்.

ஆலன் கீயை இத்துடன் அனுப்புகிறேன். வேண்டுமென்றே எடுத்து வரவில்லை. சட்டையும் கைலியும் அடைத்த பையில் அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இங்கே தகரக்கூரைக்குக் கீழே எட்டுப் பேர் படுக்கிறோம். தென்காசிக்காரர் இரண்டு பேர், மற்றவர்கள் பீகார். மழை பெய்தால் தகரத்தின் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. எல்லோரும் தலையை மட்டும் ஆட்டுவோம். கான்கிரீட்டுக்குப் பலகை அடைக்கிற வேலை. மர வேலை தெரியும் என்று சொன்னேன், உடனே எடுத்துக்கொண்டார்கள்.

பிடி விஷயம். மெஷின் நின்றபிறகு நான் திருகவில்லை. கரண்டு போனால் மெஷின் ஓய்ந்து நிற்பதற்குள் பிடியைத் திருப்பி வேகத்தைக் குறைத்துவைப்பது நம் வழக்கம்தானே, கரண்டு திரும்பும்போது சீறக்கூடாது என்று. அப்போதுதான் திருகினேன். கை தடுத்தது, விட்டுவிட்டேன். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். உன் கை பிடியில் இருந்தது. நின்ற மெஷினில் திருகியது நீ.

சரி, அது கிடக்கட்டும். முதலில் பிளக்கைப் பிடுங்கு. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதே, பிடுங்கு. மூடியைக் கழற்று. மோட்டார் தண்டில் இரண்டு தட்டுகள் இருக்கும், நடுவில் பெல்ட். ஒரு தட்டு அசையாது. மற்றது தண்டின் மேல் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும், அதன் முதுகில் ஸ்பிரிங் இருக்கிறது. பிடியைத் திருகினால் மேலே உள்ள புல்லியின் தட்டுகள் நெருங்கி பெல்ட்டை இழுக்கும். கீழே இந்தத் தட்டு விலகி இடம் கொடுக்கும். வேகம் குறையும். இப்போது அது இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

பெல்ட்டை எடுத்துவிட்டுத் தட்டைக் கையால் தள்ளிப் பார். அசையவில்லையென்றால் சுத்தியலை எடுக்காதே. அது வார்ப்பிரும்பு, ஓங்கி அடித்தால் பிஸ்கட் மாதிரி உடையும். ஸ்பிரிங் அமுங்கி இருக்கும், முகத்தை அதற்கு நேராக வைக்காதே. வேகம் குறைகிற வரைக்கும் பெரிய கட்டையைத் தொடாதே ஜெஸ்லி. சுனில் சார் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

தொட்டில் விஷயம் நேரில் பேசலாம்.

பிரஜின்


நேமம்
16 ஜூன்

பிரஜினுக்கு,

நேரில் பேசலாமாம். நேரில் இருந்தபோதுதான் "அதே சார்" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மெஷினைத் திறந்தேன். உங்கள் அம்மாவும் வந்தாள். நீங்கள் போனதிலிருந்து மாமி தினமும் மீன்குழம்போடு வந்து, என்னைத் திட்டிக்கொண்டே பரிமாறிவிட்டுப் போகிறாள். "எனக்க மவனைக் காணோம், மருமவ மெஷினைக் கெட்டிப்பிடிச்சிட்டு இருக்கா" என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நான் தரையில் படுத்து மூடியைக் கழற்றியபோது டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க அடிக்கணும் பிள்ளே?"

"அந்தக் கறுப்புக்கு உள்ள மாமி."

"மூஞ்சியை மாத்து. ஸ்பிரிங்கு தெறிச்சா கண்ணு போவும். கண்ணு போனா எனக்க மவன் உன்னையும் சேத்து சுமக்கணும்."

"அவரு எங்க சுமக்காரு? விழிஞ்ஞத்துல பலகைதான் சுமக்காரு."

சிரித்துவிட்டாள். டார்ச் ஆடியது.

பெல்ட்டை எடுத்தேன். தட்டைத் தள்ளினேன். அசையவில்லை. சுத்தியல் பக்கத்திலேயே கிடந்தது, எடுக்கவில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தண்டைத் துடைத்தபோதுதான் தெரிந்தது. தட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் கிரீஸும் மரத்தூளும் குழைந்து, இறுகி, கறுப்பாகப் பிடித்துப்போயிருந்தது. மாமி விரலால் தொட்டு, "இதென்ன, கோழிக்கோட்டு அலுவாயா?" என்றாள். மூங்கில் சீவலால் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட வந்தது. பட்டறையில் இருந்த பழைய பேப்பரெல்லாம் அதைத் துடைக்கவே போனது.

நீங்களும் திருகிக் கெடுக்கவில்லை, நானும் கெடுக்கவில்லை. மெஷின் அதற்கும் முன்னாலேயே இறுகத் தொடங்கிவிட்டது.

கிரீஸ் வைத்தது யார்? மெஷினைக் கொடுத்தவர் மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும் என்றார். நீங்கள் சனிக்கிழமைதோறும் கிரீஸ் வைத்தீர்கள். சண்டை போட்ட வாரம் இரண்டு தடவை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சண்டைக்கு மறுநாள் நீங்கள் என்னோடு பேசமாட்டீர்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு லேத்துக்குக் கீழே போய்விடுவீர்கள். மூக்கில் கறுப்போடு வெளியே வந்து, "இப்ப பாரு, வெண்ணெய் மாதிரி ஓடும்" என்பீர்கள். நானும் ஓட்டிப் பார்ப்பேன். அதோடு சண்டை முடிந்துவிடும்.

நேற்று நான் சுரண்டி எடுத்தது அதைத்தான். நீங்கள் கேட்காமல் விட்ட மன்னிப்பெல்லாம் அந்தப் புல்லிக்குள் போய் அடைத்துக்கொண்டிருந்தது.

தட்டு இப்போது ஒரு விரலுக்கே நகர்கிறது. அடுத்து என்ன செய்வது என்று எழுதுங்கள். தொட்டிலைப் பற்றியும் எழுது.

ஜெஸ்லின்


விழிஞ்ஞம்
21 ஜூன்

ஜெஸ்லி,

கடைசி வரியில் 'எழுது' என்று ஒரு 'நீ' வந்துவிட்டது. வெட்டிக் கிறுக்காமல் விட்டிருக்கிறாய். அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

கிரீஸ் விஷயம் படித்தபோது தென்காசி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "என்னடே, வீட்டுல எதும் மோசமா?" என்றார். "மெஷினுக்கு கிரீஸ் கூடிப்போச்சாம்ணே" என்றேன். "அதுக்கா கண்ணைத் தொடைக்க?" என்றார். மழைச் சத்தத்தில் கேட்காத மாதிரி தலையை ஆட்டினேன்.

கிரீஸ் இனி வேண்டாம். தண்டு நன்றாகக் காய்ந்தபிறகு மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, தட்டை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடு. கை வைத்தால் ஈரம் தெரியக்கூடாது. பெல்ட்டின் பக்கங்களை நகத்தால் கீறிப் பார். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால் மாற்ற வேண்டும். பெல்ட்டில் எண்ணெய் படக்கூடாது. மூடியை மாட்டியபிறகு கட்டை எதுவும் ஏற்றாமல் ஓட விடு. ஓடும்போது பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. சத்தம் இறங்கும். உனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். எனக்கும் தெரியும். வாசலில் ஆளோடு பேசிக்கொண்டிருந்தாலும், நீ உள்ளே எந்த வேகத்தில் எதைக் கடைகிறாய் என்று என் காது சொல்லிவிடும். இங்கே வந்து நான் இழந்தது அந்தச் சத்தத்தைத்தான்.

இங்கே ஒன்று நடந்தது. லாட்ஜின் வளைவுப் படிக்குப் பலகை அடைக்க யாருக்கும் வழி தெரியவில்லை. நானும் பீகார் பையன்கள் மூன்று பேரும் மழையில் நின்று, மெல்லிய பட்டைகளை நனைத்து வளைத்து அடித்தோம். அழகாக வந்தது. முதலாளி வந்து பார்த்தார். ஏசி காரில் கூடவே வந்த இன்ஜினீயர், "நான் சொல்லிக்கொடுத்த ஐடியா சார்" என்றான். முதலாளி அவன் தோளில் தட்டினார். நாங்கள் ஆணி டப்பாவோடு நின்றோம். அந்தப் பையன்களுக்கு மலையாளம் தெரியாது, அதனால் சிரித்தார்கள். எனக்குப் புரிந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உழைப்பு எங்களுடையது, வாய் மட்டும் அவனுடையது. எல்லா இடத்திலும் இப்படித்தான் திருடுகிறார்கள்.

நீ தொட்டிலைப் பற்றிக் கேட்டாய். யோசித்து எழுதுகிறேன். சுனில் சார் கேட்கவே இல்லை ஜெஸ்லி, அவரே முடிவு செய்துவிட்டார். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். ஊரில் என் கூட்டாளிகள் "பொண்டாட்டி கடைய, நீ கிரீஸ் தடவு" என்று சிரிப்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு மனிதர் என்னை மேஸ்திரி என்றார். கேட்க நன்றாக இருந்தது.

பிரஜின்


நேமம்
27 ஜூன்

பிரஜின்,

ஓடுகிறது.

நீ எழுதின மாதிரியே செய்தேன். கட்டை ஏற்றாமல் ஓடவிட்டு, பிடியைத் திருப்பினேன். சீறல் மெதுவாக இறங்கி, கூரைமேல் மழை மாதிரி ஆனது. மாமி கைதட்டினாள். உடனே கரண்டு போனது. நான் கத்துவதற்குள் மாமி பாய்ந்து, "நிக்கதுக்கு முன்ன திருகு பிள்ளே! திருகு!" என்று பிடியில் கை வைத்துவிட்டாள். உன் சிவப்பு எழுத்தை அவளும் மூன்று வருடமாகப் படித்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

முதல் கிண்ணம் முடிந்தது. பலாக்கட்டை. ஏற்றியதும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். பக்கவாட்டில் நின்று, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் விட்டேன். கோணல் எல்லாம் தேய்ந்து வட்டமான பிறகுதான் கொஞ்சம் கூட்டினேன். உள்பக்கம் மஞ்சள் மஞ்சளாகச் சுருள் வந்து விழுந்தது. நீ இருந்தால் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு ராஜா வேஷம் போட்டிருப்பாய்.

படிக்கட்டு விஷயம் படித்தேன். எனக்கும் வயிறு எரிந்தது. அந்தப் பையன்களுக்காக எரிந்தது, உனக்காகவும் எரிந்தது. நீ அந்த இன்ஜினீயரைத் திருடன் என்கிறாய். சரிதான். ஆனால் நீ எழுதியதை நீயே ஒரு தடவை படித்துப் பார். முதலாளி இருக்கிறார், காரில் வந்தவன் இருக்கிறான், ஆணி டப்பாவோடு நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் பட்டறையில் அந்த டப்பா யார் கையில் இருந்தது? உனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு அன்றைக்குச் சாயா போடும் வேலை இருந்தது.

நேற்று சுனில் சார் வந்தார். கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். "அடிபொளி!" என்று மெச்சிவிட்டு, "மேஸ்திரி எவிடே?" என்றார். நான் அவர் எதிரில் நிற்கிறேன், கையில் உளி இருக்கிறது, மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் என் தோளுக்கு மேலே எட்டி உள்ளே பார்க்கிறார். மாமிக்குப் பொறுக்கவில்லை. "சாரே, மேஸ்திரி..." என்று வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் போனபிறகு, "எதுக்குட்டீ தடுத்த? நான் சொல்லியிருப்பேனே!" என்று கோபப்பட்டாள். "அது உங்க மவன் சொல்லணும் மாமி" என்றேன். மாமி மீன்குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டாள். பிறகு, "அவன் சின்னதுலயே இப்படித்தான். தின்னுட்டு வாயைத் தொடைச்சுக்குவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை ஐந்தாம் தேதி சனிக்கிழமை காலையில் ஆறு கிண்ணத்தையும் எடுக்க வருகிறார். மேஸ்திரியைப் பார்த்துப் பேச வேண்டுமாம். ஹோம்ஸ்டே முழுக்கத் தூண் வேலை இருக்கிறதாம். நீ வா. வந்து அவரிடம் சொல்.

ஜெஸ்லி


விழிஞ்ஞம்
1 ஜூலை

ஜெஸ்லி,

பினுவிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். முகத்தை மூடுகிற கண்ணாடிக் கவசம். கிழக்கேகோட்டைப் பக்கம் சாலைக் கடைத்தெருவில் தேடி வாங்கினேன். நெற்றிப்பட்டை உனக்குப் பெரியது, பின்னால் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள். அகலக் கட்டை ஏற்றும்போது இது இல்லாமல் நிற்காதே. முதல் கிண்ணத்தை இது இல்லாமல்தானே கடைந்திருப்பாய்? அந்த வரியைப் படித்த அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

நம் மெஷின் சத்தம் மழை மாதிரி இறங்கியதென்று எழுதியிருக்கிறாய். இங்கே மழை பெய்யும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பெல்ட்டைப் பற்றி எழுதவில்லையே. ஓடும்போது தட்தட்டென்று அடிக்கிறதா? அடித்தால் அதில் ஓரிடம் அமுங்கியிருக்கிறது என்று அர்த்தம். ரொம்ப நாள் ஒரே நிலையில் நின்றால் அப்படி ஆகும். ஓட ஓடச் சரியாகிவிடும். சரியாகவில்லையென்றால் மாற்று. அம்மாவைப் பிடியில் கை வைக்க விடாதே. இல்லை, வைக்கட்டும். புடவைத் தலைப்பை மட்டும் இடுப்பில் செருகச் சொல்.

சனிக்கிழமை இங்கே கான்கிரீட் போடுகிறார்கள். லீவு கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்குமா தெரியவில்லை. அவரிடம் நீயே சொல்லிவிடேன். உன் வேலை, உன் வாய். நீ சொன்னால் நான் மறுக்கவா போகிறேன்?

பலாச்சுருளை எறிந்துவிடாதே. கொஞ்சம் எடுத்து வை.

பிரஜின்


நேமம்
4 ஜூலை

பிரஜின்,

கவசம் வந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஆறாவது கிண்ணத்தை அதைப் போட்டுக்கொண்டுதான் கடைந்தேன். உள்ளே மூச்சுப் பட்டு மங்கினாலும் கழற்றவில்லை. பெல்ட் முதலில் அடித்தது. நீ சொன்ன மாதிரியே ஓட ஓட அடங்கிவிட்டது. இனி மெஷினில் ஒரு குறையும் இல்லை. மெஷினைப் பற்றி நீ எனக்கு எழுத இனி ஒன்றும் இல்லை.

நானே சொல்லலாம் என்கிறாய். முடியாமல் இல்லை. நான் சொன்னால் சுனில் சார் சிரிப்பார். "ஆஹா, பெண்டாட்டி புருஷனுக்கு உதவி செய்யுந்நு" என்பார். பிறகு உன்னைத் தேடி உள்ளே எட்டிப் பார்ப்பார். நான் எத்தனை சத்தமாகச் சொன்னாலும் அவருக்கு அது உதவிதான். அதையே நீ சொன்னால் அது தகவல். இந்த ஊர் அப்படி இருக்கிறது. நான் செய்து வைத்ததல்ல இது. சனிக்கிழமைக்குள் ஊரை மாற்ற என்னால் முடியாது. உன்னைத்தான் கேட்க முடியும்.

உன்னை மேஸ்திரி என்று கூப்பிட்டால் உனக்கு நன்றாக இருக்கிறது என்றாய். நீ ஒளிக்காமல் எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. உன்னை நான் கூப்பிடுகிறேன், எத்தனை தடவை வேண்டுமானாலும். இந்த மெஷின் மூன்று வருடம் என் முகத்தில் எதையும் எறியாமல் ஓடியது உன் கையால்தான். கிரீஸ் கூடிப்போனதும் அதே கையால்தான். அது எனக்குத் தெரியும், மாமிக்குத் தெரியும், நாளைக்குச் சுனில் சாருக்கும் நான் சொல்வேன். அவர் கேட்காவிட்டாலும் சொல்வேன். எனக்கு நீ செய்யவேண்டியதும் அவ்வளவுதான்.

இனிமேல் நீ லேத்துக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. கிரீஸ் டப்பாவைப் பழைய சாமான் வாங்குகிற ஆக்கர்க்காரனிடம் போட்டுவிட்டேன்.

அவர் வரும்போது நான் மெஷினை நிறுத்தப் போவதில்லை. ஒரு தூணை மாதிரிக்காக ஏற்றி வைத்திருக்கிறேன், அதைக் கடைந்துகொண்டிருப்பேன். தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உனக்குச் சத்தம் கேட்கும். எந்த வேகம் என்று உனக்குத் தெரியும். பலாச்சுருள் ஒரு பை நிறைய எடுத்து வைத்திருக்கிறேன். மாமி பாலுக்குச் சொல்லிவிட்டாள்.

அவர் உன்னைப் பார்த்து "மேஸ்திரி" என்பார். நீ என் பக்கம் கையைக் காட்டி, "மேஸ்திரி அவளாணு சார்" என்று சொல். சொல்லிவிட்டு உள்ளே போய் சாருக்குச் சாயா போடு.

வருவாயா? பினு விழிஞ்ஞத்திலிருந்து கடைசி பஸ் எடுப்பதற்கு முன்னால் பதிலைக் கொடுத்துவிடு. சொல்.

ஜெஸ்லி